வஜ்ஜிரம் கரையாது என்ற தீர்மானம்

உலகத்தில் கப்பற்படை வைத்திருக்கும் தேசங்கள் பல உண்டு. ஆனால் அவை எல்லாமே கடற்கரையில் இருக்கின்றன. வாசலில் தண்ணீர் கிடக்கும்போது கப்பல் கட்டுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? தண்ணீரே இல்லாத இடத்தில் ஒரு கப்பற்படையை நிறுவி, அதற்குத் தலைவர், உபதலைவர், காரியதரிசி, உட்கமிட்டி எல்லாம் ஏற்படுத்திய பெருமை, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் பாலாற்று மணலோரம் இருக்கும் எங்கள் ஊருக்கே உரியது. இதைவிடப் பெரிய பெருமை வேறு ஊருக்கு இருந்தால் தெரிவிக்கலாம். திருத்திக்கொள்கிறேன்.

நான்தான் அந்தச் சங்கத்தின் காரியதரிசி. பகலில் மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷெட்டில் குமாஸ்தா. மாலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நடக்கும் வகுப்பில் இங்கிலீஷும் கடிதம் எழுதும் முறையும் படிக்கிறேன். அங்கே, பார்த்ததைப் பார்த்தபடி தினமும் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அந்த விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். கடைப்பிடிக்கிறேனா என்ற சந்தேகமும் அடிக்கடி வருகிறது. ஆகையால் கீழே எழுதுவதில் பெரிய மனிதர்களைப் பற்றிக் குறைவாக ஏதாவது தோன்றினால், அது என் பயிற்சி போதாத குறை. பெரிய மனிதர்களிடம் குறை கிடையாது.

சங்கம் பிறந்த விதம் இது. சாயபு தோல் ஏலத்துக்காக லண்டன் போய் வந்தார். லண்டன் போகிறவர்கள் கடிகாரம் கொண்டுவருவார்கள், கோட்டு கொண்டுவருவார்கள், சிலர் இருமல் கொண்டுவருவார்கள். சாயபு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். மூடியில் மூன்று பாய்மரம் வைத்த கப்பல் ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு போகும் படம். உள்ளே நம்பர் குத்திய மெல்லிய பலகைகள், நூல், துணி, தகர நங்கூரம், ஒரு குழாயில் பசை, இதையெல்லாம் எப்படிச் சேர்ப்பது என்று அச்சிட்ட காகிதம். ஒன்றாம் நம்பரோடு இரண்டாம் நம்பரை ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் கப்பல் வந்துவிடும்.

சாயபு பெட்டியை ஆபீஸ் மேஜைமேல் வைத்தார். திறக்கவில்லை. மூடியைப் பார்ப்பதற்கே ஆட்கள் வந்தார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டை விற்கும் ராணிப்பேட்டை வியாபாரி ஒருவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு வக்கீல் சீனிவாசன் வந்தார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்கு சாயபு தலைவர். வக்கீல் சட்ட ஆலோசகர். இருவரும் சாயங்காலத்தில் சேர்ந்து டீ குடிப்பார்கள்.

"என்ன பாய் இது, பேரனுக்கா?"

"எனக்குத்தான் வக்கீல் சார். லண்டன்ல ஜட்ஜுங்க, டாக்டருங்க எல்லாம் சாயந்திரம் ஆனா இதைத்தான் கட்டறாங்க. மனசுக்கு அமைதியாம்."

வக்கீல் ஒரு பலகையை எடுத்து நம்பரைப் பார்த்தார். "யாரோ அறுத்து, யாரோ நம்பர் போட்டு, யாரோ பெட்டியில அடுக்கினதை நீங்க ஒட்டப் போறீங்க. இதுக்குப் பேர் கட்டறதா? நான்கூடத்தான் தினம் தபால் தலை ஒட்டறேன்."

"அப்போ நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"மரத்திலேர்ந்து ஆரம்பிப்பேன். என் தோப்பு, என் மரம், என் கை, என் படகு."

"தோப்பு உங்கப்பா வச்சது."

"அதனால என்ன?"

"அவரு நட்டதை நீங்க அறுக்கறீங்க. எவனோ அறுத்ததை நான் ஒட்டறேன். இதுல ஜாஸ்தி இன்னா, கம்மி இன்னா?"

உலகத்தின் பெரிய தத்துவப் பிரிவுகள் பலவும் இப்படி டீ ஆறுவதற்குள் தோன்றியவைதாம் என்று நினைக்கிறேன். அன்றே ஊரில் 'பெட்டிக் கட்சி', 'மரக் கட்சி' என்று இரண்டு ஏற்பட்டன. இரண்டும் சேர்ந்து 'மாதிரிப் படகு அபிவிருத்திச் சங்கம்' ஆயிற்று. சாயபுவுக்குப் பட்டையும் உப்பும் சுண்ணாம்பும் விற்பவர்கள் பெட்டியே மேல் என்று மனசாட்சிப்படி முடிவு செய்தார்கள். கோர்ட்டில் வழக்கு உள்ளவர்கள் மரமே மேல் என்று மனசாட்சிப்படி முடிவு செய்தார்கள். விற்பனையும் வழக்கும் சேர்ந்தே உள்ளவர்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து, பிஸ்கட் தின்று, ஒன்றும் பேசாமல் போனார்கள்.

மரக் கட்சிக்குள் ஒரு கஷ்டம் வந்தது. 'சொந்தக் கை' என்றால் எதுவரைக்கும் சொந்தம்? ஆணியைக் கடையில் வாங்கினால் அந்த அளவுக்கு அது பெட்டிப் படகுதானே என்று பெட்டிக் கட்சி கேட்டது. இதற்காக உட்கமிட்டி உட்கார்ந்தது. ஆணியைச் சொந்தமாக அடிக்க வேண்டுமானால் இரும்பைச் சொந்தமாகத் தோண்ட வேண்டும். இரும்பைத் தோண்டப் போனால் வக்கீலின் வாய்தாக்கள் கெடும். கடைசியில், படகில் ஆணியே கூடாது, எல்லாம் பசையால் ஒட்ட வேண்டும் என்று கமிட்டி முடிவு கண்டது. இரண்டு கட்சிக்கும் இது பொதுவான விதி.

வக்கீல் தம் படகைக் கட்டியதை நான் நேரில் பார்த்தேன். தோப்பில் நிழல் பார்த்து நாற்காலி போட்டிருந்தது. ரத்தினசாமி ஆசாரி மரத்தை அறுத்தார், இழைத்தார், வளைத்தார். வக்கீல் அவ்வப்போது "ம்" என்றார். அந்த 'ம்'தான் படகு. மற்றது கூலி வேலை. ஆசாரி அபிப்பிராயம் எதுவும் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பேச்சு. சொன்னால் படகில் அவர் புத்தி கலந்துவிடும். அப்புறம் அது சொந்தக் கை ஆகாது.

சாயபுவும் தம் கப்பலைத் தாமே கட்டினார். அச்சிட்ட காகிதத்தை நான் இங்கிலீஷில் படித்துத் தமிழில் அர்த்தம் சொல்வேன். அவர் "அப்படியே செய்" என்பார். செய்வேன். ஒருநாள் ஷெட் மேஸ்திரி சத்தார் இதைப் பார்த்துவிட்டு, "கட்டறது யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"மொதலாளிதான்."

"அப்போ நீ?"

"நான் ஒட்டறேன்."

இந்தப் பதில் சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

ஆனால் அந்தக் குழாய்ப் பசை கடல் தாண்டி வருவதற்குள் கல்லாகிவிட்டிருந்தது. காகிதத்திலோ, 'இந்தப் பசையைத் தவிர வேறு எதையும் உபயோகிக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அர்த்தம் சொன்னேன்.

"இதுக்கு ஏன் பேஜார்?" என்றார் சத்தார். "நம்ம வஜ்ஜிரம் இல்லையா?"

எங்கள் ஷெட்டில் தோலைச் சுரண்டும்போது விழும் சவ்வையும் ஓரத் துண்டுகளையும் அண்டாவில் போட்டுக் காய்ச்சினால் வஜ்ஜிரம் வரும். நாற்காலி, மேஜை, பெட்டி எல்லாவற்றையும் அதுதான் ஒட்டுகிறது. மூட்டை மூட்டையாக மெட்ராசுக்குப் போகிறது. லண்டன் பசை தோற்ற இடத்தில் எங்கள் ஊர்ச் சரக்கு ஜெயிக்கப் போவதில் சாயபுவுக்கு சந்தோஷம். சுதேசிச் சரக்கு என்பதில் வக்கீலுக்கு சந்தோஷம். பெட்டிக் கட்சியும் மரக் கட்சியும் ஒத்துக்கொண்ட விஷயம் உலகத்தில் இது ஒன்றுதான்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வராத விஷயம் கிடையாது என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் வஜ்ஜிரத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தேன்.

எங்கள் வீடு சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கிறது. ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர்களும், பட்டை சுமக்கிறவர்களும் குடியிருக்கும் தெரு. ஷெட்டின் கழிவுக் கால்வாயை எங்கள் தெருவின் பின்பக்கமாகத் திருப்பிவிட்டதிலிருந்து, தெருக் கிணற்றுத் தண்ணீருக்கு டீயின் நிறமும் உப்பின் ருசியும் உண்டாயின. டீயும் உப்பும் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள்கள். அவற்றை இனாமாகப் பெற்றும் தெருக்காரர்கள் திருப்திப்படாமல் போர்டுக்கு மனு கொடுத்தார்கள். போர்டு தீர விசாரித்துப் பதில் அனுப்பியது: 'மேற்படி கிணற்றின் நீர் குணத்தில் குறைவில்லாதது.' இந்தக் குணத்தை அனுபவிக்கத் தெரியாத பெண்கள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு, குடம் நிறையும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனாலும் போர்டு கருணை உள்ளது. மேலே இருந்து உத்தரவும் வந்தது. தெருமுனையில் வட்டமாக ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டி, ஊருக்கு மேற்கே உள்ள தோப்புக் கிணற்றிலிருந்து எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்க ஏற்பாடு செய்தார்கள். தொட்டி முடிந்தது. எஞ்சின் வந்தது. திறந்துவைக்கத் தகுதியான பெரிய மனிதர் மட்டும் கிடைக்கவில்லை. தகுதி இல்லாதவர் திறந்தால் தண்ணீர் வருமோ வராதோ யார் கண்டது?

எங்கள் அடுத்த வீடு கோவிந்தம்மாளுடையது. ஷெட்டில் பட்டை இடிக்கிறவள். அவளுடைய மருமகள் முனியம்மாளுக்கு அப்போது நிறைமாதம். நான் வேலை முடிந்து தெருவில் நுழைந்ததும் கோவிந்தம்மாள் கேட்பது ஒரே கேள்விதான்.

"யேசுபாதம், தொட்டியை எப்போப்பா தெறப்பாங்க?"

"சீக்கிரம் தெறப்பாங்க அக்கா."

"பொறக்கற கொழந்தைக்கு மொதத் தண்ணி அந்தத் தொட்டித் தண்ணிதான். சொல்லி வச்சுட்டேன்."

"யார்கிட்ட சொன்னீங்க? போர்டுலயா?"

"கொழந்தைகிட்ட. போர்டுகிட்ட சொன்னா அது பதில் எழுதுமே."

டம்ளரில் போட்ட வஜ்ஜிரம் காலையில் பாயசம்போல் ஆகியிருந்தது. வேறு தண்ணீரிலும் போட்டுப் பார்ப்பதுதான் முறை. ஆனால் ஊற்றுத் தண்ணீரை இப்படி வீணாக்கினால் கோவிந்தம்மாள் என்னைத் தெருவில் வைத்திருக்க மாட்டாள். ஆகவே இருந்த அளவில் சங்கத்தின் கூட்டத்தில் தெரிவித்தேன்.

"வஜ்ஜிரம் தண்ணியில கரைஞ்சு போவுதுங்க."

"எவன் சொன்னான்?" என்றார் சத்தார்.

"நானே டம்ளர்ல போட்டுப் பார்த்தேன்."

"எந்தத் தண்ணி?" என்று சாயபு கேட்டார்.

"எங்க தெருக் கிணத்துத் தண்ணிங்க."

சபையில் ஒரு நிம்மதி பரவியது.

"அப்படிச் சொல்லு," என்றார் சத்தார். "அந்தத் தண்ணியில போட்டா கடப்பாரையே கரையும். வஜ்ஜிரம் இன்னா பண்ணும், பாவம்."

வக்கீல் அவசரமாக இருமினார். "சத்தார், வாயை அடக்கும். அந்தத் தண்ணீர் குணத்தில் குறைவில்லாததுன்னு போர்டு பதில் கொடுத்திருக்கு. வாசகம் என்னோடது."

"அப்போ என் வஜ்ஜிரம் கெட்டதா சார்?"

"அப்படி யார் சொன்னா?"

"ரெண்டுல ஒண்ணு கெட்டதுதானே சார்."

இங்கே சபை ஸ்தம்பித்தது. தண்ணீர் நல்லதென்றால் வஜ்ஜிரம் கெட்டது. வஜ்ஜிரம் நல்லதென்றால் தண்ணீர் கெட்டது. வஜ்ஜிரம் சாயபுவின் சரக்கு. தண்ணீரில் கலந்திருப்பதும், ஒருவகையில், சாயபுவின் சரக்குதான். இரண்டில் எதைக் குறை சொன்னாலும் நன்றிகெட்டத்தனம். சாயபு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் எதிர்க்கட்சிக்காரர்கள் சமாதானத்துக்கு வந்துவிடுவார்கள் என்று கோர்ட்டில் பேச்சு.

கண்ணைத் திறந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்: 'வஜ்ஜிரம் நல்ல தண்ணீரில் கரையாது என்று இந்தச் சங்கம் தீர்மானிக்கிறது. எந்தத் தண்ணீர் நல்லது, எது கெட்டது என்பது பற்றிச் சங்கம் அபிப்பிராயம் எதுவும் கூறவில்லை.'

ஓட்டுக்கு விடப்பட்டது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. காரியதரிசிக்கு ஓட்டு இல்லையாகையால், வஜ்ஜிரம் ஏகமனதாகக் கரையாமல் போயிற்று.

அடுத்த விஷயம், படகுகளை ஓட்டிப் பார்க்கும் இடம். எது மேல் என்று பேசிப் பேசித் தீராததை ஓட்டித் தீர்ப்பது என்று ஏற்பாடு. பாலாறு மணலாகக் கிடந்தது. ஒருவர் வேலூர்க் கோட்டை அகழியைச் சொன்னார்.

"அது வேலூர்க்காரங்க தண்ணி," என்றார் சாயபு. "நம்ம படகு அங்க ஓடினா பேரு அகழிக்குப் போயிடும்."

"ஷெட்டுல தோல் ஊறப்போடற தொட்டி இருக்குதே?"

"அது வியாபாரம். அதுல வெளையாடக் கூடாது."

அப்போதுதான் தெருமுனைத் தொட்டி எல்லோருடைய நினைவுக்கும் ஒரே சமயத்தில் வந்தது. புதுத் தொட்டி, தோப்புக் கிணற்றுத் தண்ணீர், சந்தேகமில்லாத நல்ல தண்ணீர். போட்டி முடிந்ததும் அன்றைக்கே தொட்டியைத் தெருவுக்குத் திறந்துவிடுவதாக சாயபு சொன்னார். பெரிய மனிதர் தேட வேண்டிய வேலையும் மிச்சம். எனக்கு அவர்மேல் உண்மையாகவே மதிப்பு உண்டாயிற்று. ஓடிப்போய் கோவிந்தம்மாளிடம் சொன்னேன்.

"படகு வுட்டாதான் தண்ணி வுடுவாங்களா?" என்றாள்.

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"வுடட்டும். ஏரோப்ளேன்கூட வுடட்டும். எனக்கு இன்னா. தண்ணி வந்தா சரி."

சித்திரை மாதம். எஞ்சின் ஓடித் தொட்டி நிரம்பியது. அடித்தளம் தெரியும் தண்ணீரை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது. தொட்டியைச் சுற்றிப் பந்தல், பந்தலைச் சுற்றிக் கயிறு, கயிற்றுக்கு வெளியே தெருக்காரர்கள். பெண்கள் எல்லோரும் குடத்தோடு வந்திருந்தார்கள். போட்டி பார்க்கக் குடம் எதற்கு என்று வக்கீலுக்குப் புரியவில்லை.

போட்டி ஆரம்பமாகும் முன் கோவிந்தம்மாள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மொதலாளி, மருமவளுக்கு விடிகாலையே வலி கண்டுடுச்சு. மருத்துவச்சி வந்துட்டா. ஒரு கொடம் மட்டும் மொண்டுக்கினு போறேன்."

"இப்போ தொட்டா தண்ணி ஆடும்," என்றார் வக்கீல். "ரெண்டு கட்சிக்கும் சமமா ஆடுமான்னு சொல்ல முடியாது."

சாயபு நல்ல மனிதர். அவர் குரல் தணிந்தது. "கொஞ்சம் பொறும்மா. போட்டி முடிஞ்சதும் மொதக் கொடம் உனக்குத்தான். நான் சொல்றேன்ல."

"நீங்க சொன்னா சரி மொதலாளி," என்று அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

படகுகளைத் தண்ணீரில் விட்டோம். சாயபுவின் கப்பலுக்குப் 'பாதுஷா' என்று பெயர். வக்கீலின் படகுக்குச் 'சுயம்பு' என்று பெயர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அழகாக மிதந்தன. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்: மிதந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத் தமக்கு என்று எண்ணி வக்கீல் பேச எழுந்தார்.

உழைப்பின் உயர்வைப் பற்றி அவர் பேசினார். மனிதன் தன் கையால் செய்யாத எதுவும் அவனுடையதல்ல என்றார். வேலையாள் விசிறிக்கொண்டிருந்தான். சொந்த உழைப்பே சுதந்திரம் என்றார். வெயில் ஏறிற்று. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று. அவர் மரம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அதன் வேரிலிருந்து தொடங்கியபோது, 'பாதுஷா'வின் நடுப் பாய்மரம் மெதுவாகச் சாய்ந்தது.

"சலாம் வைக்குது," என்றார் சாயபு, பெருமையாக.

பிறகு மற்ற இரண்டு பாய்மரங்களும் சலாம் வைத்தன. பிறகு கப்பல் படுத்தே சலாம் வைத்தது. பேச்சை நிறுத்திய வக்கீலின் முகத்தில் வெற்றி தெரிந்தது. அந்த முகம் மாறுவதற்கு முன்னாலேயே 'சுயம்பு'வின் வயிறு பிளந்து இரண்டு பாதிகளாக, இரண்டு திசையில், இரண்டு அபிப்பிராயங்கள்போலப் பிரிந்தது. காற்று இல்லாததால் படகுகளின் பாய்களுக்குக் காற்று விசிற நிறுத்தியிருந்த ஆட்கள் விசிறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீரின்மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ வழுவழுப்பாகப் பரவியது. தோல் ஷெட் வாசனை எழுந்தது.

"பதினாலு என்னுது," என்றார் சாயபு, மிதந்துவந்த பலகையைக் காட்டி. "நம்பர் இருக்குது பாருங்க. இருபத்திரண்டும் என்னுது."

"நம்பர் இல்லாததெல்லாம் என்னோடது," என்றார் வக்கீல். "அதுதான் பாய் சொந்தக் கை."

கோவிந்தம்மாள் இதைப் போட்டி முடிந்ததாக எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்து, கையால் வழுவழுப்பை ஒதுக்கிவிட்டு, குடத்தைத் தண்ணீரில் வைத்தாள். குடம் மிதந்தது. அன்று அந்தத் தொட்டியில் கடைசிவரை முழுசாக மிதந்த பொருள் அது ஒன்றுதான். கயிற்றுக்கு வெளியே யாரோ, "கோவிந்தம்மா படகு ஜெயிச்சுடுச்சுடோய்" என்றார்கள்.

"போட்டியில பதிவு பண்ணாத பாத்திரம்," என்றார் வக்கீல்.

சத்தார் குடத்தைப் பிடித்துக்கொண்டார். "இரும்மா. இன்னும் முடிவு சொல்லலை."

"இன்னா முடிவு? மொதலாளியே சொன்னாரு, மொதக் கொடம் எனக்குன்னு. மேல கெடக்கறதை வழிச்சுப் போட்டா அடியில நல்ல தண்ணிதானே."

சாயபு அவளையும் பார்த்தார், தண்ணீரையும் பார்த்தார், வக்கீலையும் பார்த்தார். அவசரக் கூட்டம் பந்தலிலேயே கூடியது.

நான் அந்தக் கூட்டத்தின் நிதானத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். பசையைப் பற்றி ஒருவரும் அவசரப்பட்டு ஒரு சொல் சொல்லவில்லை. வக்கீல் என்னை முந்தைய தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"வஜ்ஜிரம் நல்ல தண்ணீரில் கரையாது," என்று அவர் திருப்பிச் சொன்னார். "இது நாம ஏகமனதா முடிவு பண்ணினது. இப்போ வஜ்ஜிரம் கரைஞ்சிருக்கு. இதிலேர்ந்து என்ன தெரியறது?"

"இன்னா தெரியுது?" என்றார் சத்தார், கவலையோடு.

"இந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லைன்னு தெரியறது."

சத்தாரின் முகம் மலர்ந்தது. சாயபு மூச்சு விட்டார். சரக்கும் தப்பியது, தீர்மானமும் தப்பியது. கெட்ட தண்ணீரைத் தெருவுக்குத் திறந்துவிட இருந்த பெரும் ஆபத்திலிருந்து ஜனங்களும் தப்பினார்கள். சங்கம் இதை உடனே போர்டுக்குத் தெரிவித்தது. போர்டும் உடனே ஏற்றுக்கொண்டது. தலைவரும் சட்ட ஆலோசகரும் இரண்டிலும் அவர்களே என்பதால், நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டதோடு வேலை முடிந்தது. தொட்டியைச் சுற்றி வேலி கட்டி, குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள்.

எனக்கு வழக்கம்போல் ஒரு சந்தேகம்.

"அப்போ எங்க தெருவுல எந்தத் தண்ணியைக் குடிக்கறதுங்க?"

"பழைய கிணறு இருக்கே," என்றார் வக்கீல்.

"அதுலயும் கரைஞ்சுதுங்களே."

"அது போட்டியா? வெறும் டம்ளர். டம்ளரை ஆதாரமா எடுத்துக்க முடியாது. அந்தக் கிணத்துக்குப் பதில் ஏற்கெனவே பைல்ல இருக்கு."

சாயபு எழுந்து கோவிந்தம்மாளிடம் போனார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "நல்ல வேளைம்மா," என்றார். "மொதக் கொடத்தை நீ மொண்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அவள் குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் அதற்குள் தெருவரைக்கும் கேட்டது. ஆற்று ஊற்றுக்குப் போய்வர நேரமில்லை. கிணற்றில் கயிறு இறங்கியது. பேரனுக்கு முதல் தண்ணீர் டீ நிறத்தில் கிடைத்தது.

சங்கம் இப்போது முன்னைவிட மும்முரமாக நடக்கிறது. சாயபு லண்டனுக்கு எழுதி இன்னும் பெரிய பெட்டி தருவித்திருக்கிறார். இந்தத் தடவை பசையைத் தகர டப்பாவில் மெழுகு வைத்து மூடி அனுப்பியிருக்கிறார்கள். வக்கீல் தோப்பில் இரண்டாவது மரம் விழுந்துவிட்டது. ஆசாரி மறுபடியும் பேசாமல் இழைக்கிறார். குடிக்கத் தகாத தண்ணீர் படகு பழகத் தடையில்லை என்று முடிவாகியிருப்பதால், தொட்டியைக் கழுவி, வாரம்தோறும் எஞ்சின் வைத்துப் புதுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். அடித்தளம் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் தெருப் பெண்கள் ஊற்றுக்குப் போகும்போது அதன் ஓரமாகத்தான் நடந்து போகிறார்கள்.

நேற்று வேலை முடிந்து தெருவில் நுழைந்தபோது கோவிந்தம்மாள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் தொடையிலும் முதுகிலும் சிரங்கு. வயிறும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறதாம். கை நம் விரல் கனம் இருந்தது. தொட்டியை எப்போது திறப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"யேசுபாதம், நீ எழுதறவனாச்சே. படகைக் கரைக்கிற தண்ணிக்குக் கெட்ட தண்ணின்னு பேரு வச்சீங்க. சரி. புள்ளையைக் கரைக்கிற தண்ணிக்கு இன்னா பேரு வச்சிருக்கீங்க?"

நான் ஆபீசுக்குத் திரும்பிப் போய், முறைப்படி போர்டு பைலைப் பார்த்தேன். பெரிய மனிதர்கள் எதையும் விட்டுவைப்பதில்லை. பெயர் வைத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்: 'குணத்தில் குறைவில்லாதது.'